வாசற்படிக்கு அடியில் ஒரு பானையோடு

கிரேக்க நாட்டின் மைசீனியில் அத்ரியஸின் கருவூலம் என்று அழைக்கப்படும் கட்டடம் கருவூலமே இல்லை, கல்லறை. மலைச்சரிவைக் குடைந்து, செதுக்கிய கற்களை வட்டம் வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வட்டத்தையும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டே போய், உச்சியில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். உள்ளே நின்று அண்ணாந்தால் 13 மீட்டருக்கு மேல் உயரம். வாசலுக்கு மேலே கிடக்கும் இரண்டு உத்தரக்கற்களில் உள்பக்கத்துக் கல் மட்டும் சுமார் 120 டன் என்று கணக்கிடுகிறார்கள்.

1920களின் தொடக்கத்தில் ஆலன் வேஸ் என்ற ஆங்கிலேயர் இந்தக் கல்லறையின் வாசற்படிக்கு அடியில் தோண்டினார். கிடைத்தவற்றில் முக்கியமானவை சில பானையோடுகள். கண்காட்சியில் வைத்தால் யாரும் நின்று பார்க்காத துண்டுகள்தான். ஆனால் அவை வேஸின் வாழ்க்கையையே திருப்பிவிட்டன. தர்க்கம் நம் வீட்டுக் கதைதான்: வாசற்படியைப் பதித்த பிறகு அதன் அடியில் எதுவும் போக முடியாது. அடியில் கிடக்கும் ஓடு எந்தக் காலத்தது என்று தெரிந்தால், வீடு அதற்கு முன்னால் கட்டப்பட்டிருக்க முடியாது. ஓடுகள் சொன்ன காலம் கிமு 14ஆம் நூற்றாண்டு. ஆர்தர் எவன்ஸ் சொல்லிவந்த காலம் அதற்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் முந்தையது.

எவன்ஸ் யார் என்று சொல்லாமல் இந்தக் கதை நகராது. 1851இல் பிறந்தவர், காகித ஆலைக் குடும்பத்துப் பணக்காரர், ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை 1884 முதல் 1908 வரை நடத்தியவர். 1900 மார்ச்சில் கிரீட் தீவின் நோசோஸில் தோண்ட ஆரம்பித்தார். நிலத்தையே விலைக்கு வாங்கித் தோண்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அரண்மனையும், சுவரோவியங்களும், யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து கீறிய களிமண் பலகைகளும் வெளியே வந்தன. அந்த நாகரிகத்துக்கு மினோஸ் அரசன் பேரால் ‘மினோவன்’ என்ற பெயரை நிலைநிறுத்தியவரும் அவர்தான். 1911இல் சர் பட்டம்.

அவருடைய கருத்து இது. வெண்கலக் காலத்தில் நாகரிகம் என்றால் கிரீட்தான். கடலுக்கு அப்பால் கிரேக்கப் பெருநிலத்தில் இருந்த மைசீனி, கிரீட்டிலிருந்து போனவர்கள் ஆண்ட ஒரு கிளை. 1876இல் ஜெர்மானியரான ஷ்லீமான் மைசீனியில் தோண்டியெடுத்த தங்க முகமூடிகள் எல்லாம் மினோவன் ஆட்சியின் எச்சங்கள். மைசீனியின் தேன்கூட்டுக் கல்லறைகளில் நேர்த்தியானவை முதலில் கட்டப்பட்டவை, கரடுமுரடானவை பிறகு வந்தவை, கலை தேய்ந்துகொண்டே போனதற்கு அடையாளம். ஷ்லீமான் கண்ட ஆழ்குழிக் கல்லறைகளில் இருந்த அரசர்கள்கூட முதலில் தேன்கூட்டுக் கல்லறைகளில் கிடந்தவர்கள், ஆபத்து வந்தபோது குழிகளுக்கு மாற்றப்பட்டவர்கள் என்றார். ஒரு முடிவைக் காப்பாற்ற இன்னொரு கற்பனை. ஆனாலும் நோசோஸை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அதை நம்பாமல் இருப்பது சிரமம்.

வேஸ் இந்தச் சண்டைக்காகப் பிறந்தவர் இல்லை. 1879இல் கேம்பிரிட்ஜில் பிறந்தார். தகப்பனார் கணித ஆசிரியர், ஊரின் மேயராகவும் இருந்தவர். ஷ்ரூஸ்பரி பள்ளி, பெம்புரோக் கல்லூரி, கிரேக்க இலத்தீன் படிப்பில் முதல் வகுப்பு. அந்தக் காலத்தில் செவ்வியல் தொல்லியல் என்றால் பெரும்பாலும் சிற்பம், ஓவியப் பானை, நாணயம், கல்வெட்டு. தோண்டுவது இரண்டாம்பட்சம். மண்ணில் இறங்குபவனைவிட, அருங்காட்சியகத்தில் நின்று ஒரு பளிங்குத் தலையைப் பார்த்து எந்தச் சிற்பியின் வழி என்று சொல்பவனுக்கு மதிப்பு அதிகம். வேஸும் அப்படித்தான் தொடங்கினார். 1902இல் ஏதென்ஸின் பிரிட்டிஷ் பள்ளிக்கு மாணவராகப் போனார், சிற்பம் படித்தார், 1906இல் மார்கஸ் டாட் என்பவரோடு சேர்ந்து ஸ்பார்டா அருங்காட்சியகத்துக்குப் பட்டியல் தயாரித்தார். இடையில் ரோமின் பிரிட்டிஷ் பள்ளியில் நூலகர்.

பிறகு வடக்கே தெசலிப் பக்கம் போனார். மாரிஸ் தாம்சன் என்ற நண்பரோடு மேடு மேடாகத் தோண்டி 1912இல் தெசலியின் வரலாற்றுக்கு முந்தைய காலம் பற்றி ஒரு புத்தகம் போட்டார். அதே நண்பரோடு விலாக் இடையர்களின் கூடவே மலையேறி, அவர்கள் வாழ்க்கையைப் பற்றி 1914இல் இன்னொன்று. ஆட்டு மந்தையின் பின்னால் நடக்கிற செவ்வியல் தொல்லியலாளர் அப்போது அரிது. வேஸுக்குக் கிராமத்து ஆட்களோடு ஒட்டிக்கொள்ளத் தெரிந்திருந்தது. தீவுகளில் பெண்கள் போட்ட பூத்தையலைத் துணி துணியாகச் சேகரித்தார். அந்தப் பழக்கம் பிற்பாடு சோறு போடும் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

1914இல் ஏதென்ஸ் பிரிட்டிஷ் பள்ளியின் இயக்குநர் ஆனார். ‘பள்ளி’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக்கூடாது, இது ஆய்வு நிலையம். 1886இல் தொடங்கியது. கிரேக்க நாட்டில் ஒரு வெளிநாட்டுக்காரர் தோண்ட வேண்டும் என்றால் தன் நாட்டின் பள்ளி வழியாகத்தான் அனுமதி கேட்க முடியும். ஆகவே இயக்குநர் நாற்காலி என்பது சம்பளமும் பெருமையும் மட்டுமில்லை, மண்ணைத் திறக்கும் சாவியே அதுதான். அந்த நாற்காலியைத் தருவதும் எடுப்பதும் லண்டனில் உட்கார்ந்திருந்த நிர்வாகக் குழு.

போர் மூண்டது, அகழாய்வுகள் நின்றன. வேஸ் ஏதென்ஸின் பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலை பார்த்தார். கொஞ்ச தூரத்தில் இருந்த அமெரிக்கப் பள்ளியில் கார்ல் பிளேகன் என்ற இளைஞர். 1887இல் மின்னியாபோலிஸில் பிறந்தவர், வேஸைவிட எட்டு வயது சிறியவர். பிளேகன் 1915, 1916இல் கொரிந்துக்குப் பக்கத்தில் கொராக்கு என்ற மேட்டைத் தோண்டியிருந்தார். அங்கே மண்ணடுக்கு கலையாமல் இருந்தது. இருவரும் பானையோடுகளைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று போகலாம், ஏனென்றால் சண்டையின் வேர் இதில்தான் இருக்கிறது. அந்த ஓடுகளில் ஒருவகை சாம்பல் நிறம். சக்கரத்தில் வனைந்தது, மெருகேற்றியது. விரலால் தடவினால் சோப்புக்கட்டியைத் தொடுவதுபோல வழவழப்பு. விளிம்புகள் கூர்மையாக மடிந்திருக்கும், உலோகப் பாத்திரத்தைப் பார்த்துச் செய்ததுபோல. ஷ்லீமான் இதற்கு மினியன் என்று பெயர் வைத்திருந்தார். சாம்பல் மினியனுக்கு மேல் அடுக்கில் அதே வடிவங்கள் மஞ்சள் மண்ணில் வருகின்றன. அந்த மஞ்சளின் மேல் பளபளப்பான வண்ணத்தில் சித்திரம் தீட்டினால் அதுதான் மைசீனியப் பானை. சித்திரத்தின் பாணி கிரீட்டிலிருந்து வந்தது. பானையோ உள்ளூர்க் குயவனின் கை. நடுவில் அறுந்துபோன இடம் எதுவும் இல்லை. வெளியிலிருந்து ஒரு கூட்டம் வந்து ஊரைப் பிடித்து ஆண்டிருந்தால் அடுப்படிப் பானையில் அது தெரிந்திருக்க வேண்டாமா?

பிரிட்டிஷ் பள்ளியின் ஆண்டிதழில் 1918இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பெருநிலத்தின் வெண்கலக் காலத்துக்கு ஹெலாடிக் என்று தனிப்பெயர், முற்காலம், இடைக்காலம், பிற்காலம் என்று மூன்று பகுப்பு. இன்றும் எந்தக் கிரேக்க அகழாய்வு அறிக்கையைத் திறந்தாலும் இந்தப் பெயர்கள்தான். எவன்ஸுக்கு உறுத்தியது பெயர்தான். மினோவன் என்ற குடைக்குள் நின்றிருக்க வேண்டிய மைசீனிக்குத் தனிக் குடை பிடித்துவிட்டார்கள்.

சரி, அதோடு நின்றிருந்தால் பானைக்காரர்களின் வாதமாகவே போயிருக்கும். வேஸ் 1920இல் மைசீனியிலேயே இறங்கினார். நான்கு பருவங்கள், 1923 வரை. கோட்டைக்குள் தோண்டினார், ஒன்பது தேன்கூட்டுக் கல்லறைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். கல்லை எப்படி வெட்டினார்கள், வாசலுக்கு மேல் வரும் பாரத்தை எப்படித் தாங்கவைத்தார்கள், எந்த ஓடு எங்கே கிடந்தது என்று பார்த்து மூன்று கூட்டமாகப் பிரித்தார். முதலில் ஒழுங்கில்லாத கற்கள், நடுவில் கொஞ்சம் தேறிய வேலை, கடைசியில் அத்ரியஸின் கருவூலம். எவன்ஸ் போட்டிருந்த வரிசை அப்படியே தலைகீழானது. தேய்வு என்று அவர் சொன்னது வளர்ச்சியாயிற்று. கிரீட்டின் அரண்மனைகள் வீழ்ந்த பிறகுதான் மைசீனி உச்சத்துக்கு வந்தது என்றாயிற்று.

எவன்ஸ் இதை ஏற்கவில்லை. அத்ரியஸின் கருவூலத்தோடு தொடர்புடைய சிற்பத் துண்டுகளும் கல் பாத்திரத் துண்டுகளும் நோசோஸின் பழைய வேலைப்பாட்டை ஒத்திருக்கின்றன என்றார். 1929இல் இதற்காகவே ஒரு தனி நூல் எழுதினார். அவர் பக்கம் முழுக்கப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பாணியைப் பார்த்துக் காலம் சொல்வது அன்றைக்குச் செவ்வியல் தொல்லியலின் மைய வித்தை, அதில் அவர் பெரிய கண்காரர். ஆனால் பழைய பாத்திரம் புதிய கல்லறைக்குள் போகலாம், தாத்தாவின் வெள்ளிச் செம்பு பேரன் வீட்டில் இருப்பதுபோல. புதிய ஓடு பழைய வாசற்படிக்கு அடியில் போக முடியாது. இந்த இரண்டு வகைச் சான்றுக்கும் எடை ஒன்றில்லை.

1923இல் வேஸின் இயக்குநர் பதவி நீட்டிக்கப்படவில்லை. ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, மாற்றம் வேண்டும் என்று ஒரு குழு சொல்வதில் வெளிப்படையாகத் தவறில்லை. ஆனால் பின்னணியில் எவன்ஸின் எதிர்ப்பு இருந்தது என்பது இந்தத் துறையின் வரலாற்றை எழுதுபவர்கள் பரவலாகச் சொல்லுவது. எவன்ஸ் யாரையும் மிரட்டியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நோசோஸ் அவர் சொத்து. 1926இல் அந்த நிலத்தையும் அங்கே கட்டியிருந்த வில்லா அரியாட்னே மாளிகையையும் இதே பிரிட்டிஷ் பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். அப்படி ஒரு கொடையாளி முகம் சுளித்தால் எந்தக் குழுவும் புரிந்துகொள்ளும்.

விளைவு எளிமையானது. மைசீனியில் அடுத்த பதினாறு ஆண்டுகள் வேஸ் தோண்டவில்லை.

1924இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் துணிப் பிரிவில் துணைக் காப்பாளராகச் சேர்ந்தார். ஐரோப்பாவின் வெண்கலக் காலத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தவர் பத்து ஆண்டுகள் பூத்தையல் துணிகளுக்குப் பட்டியல் போட்டார். இதைப் படிக்கும்போது நமக்குத்தான் வயிறு எரிகிறது, அவர் அப்படி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கிரேக்கத் தீவுகளில் சேர்த்த அனுபவம் இருந்ததே. தையலின் வகையை வைத்து எந்தத் தீவு என்று சொல்வதும், ஓட்டின் வழவழப்பை வைத்து எந்த அடுக்கு என்று சொல்வதும் ஒரே கண்ணின் வேலைதான். இந்த ஆண்டுகளில் அமெரிக்கரான ஹெலன் பென்ஸைத் திருமணம் செய்துகொண்டார். 1931இல் மகள் எலிசபெத் பிறந்தார்.

பிளேகனை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொள்கை அதேதான், கட்டுரை கூட்டாக எழுதியது. ஆனால் அவர் அமெரிக்கர், எவன்ஸின் நிழல் அவர்மேல் விழவில்லை. 1927இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அங்கே செம்பிள் தம்பதி பணம் போட, 1932 முதல் 1938 வரை டிராயில் ஆண்டுதோறும் தோண்டினார். ஒரே கருத்தைச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர் டிராயில், மற்றவர் துணிக்கிடங்கில். ஒரு தொல்லியலாளரின் ஏற்ற இறக்கத்தை அவர் எழுதியதை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சுத்தமான ஒப்பீடு எனக்குத் தெரியவில்லை.

1934இல் கேம்பிரிட்ஜ் வேஸைத் திரும்ப அழைத்தது. செவ்வியல் தொல்லியலுக்கான லாரன்ஸ் பேராசிரியர் பதவி, ஏ. பி. குக்கிற்கு அடுத்து இரண்டாவதாக அமர்ந்தவர் வேஸ். வயது 55. ஓய்வுக்குப் பத்து ஆண்டு மிச்சம்.

அப்புறம் 1939 வந்தது. அந்த ஆண்டு மூன்று காரியங்கள் நடந்தன. வேஸும் பிளேகனும் மறுபடி சேர்ந்து, பானையை வைத்து வணிகத்தையும் குடியேற்றத்தையும் எப்படிப் படிப்பது என்று கிளியோ இதழில் எழுதினார்கள். வேஸ் மைசீனிக்குத் திரும்பினார். அத்ரியஸின் கருவூலத்துக்குப் போகும் நடைபாதைச் சுவருக்குப் பின்னால் தோண்டியதில், அந்தப் பாதையை வெட்டுவதற்கு முன்பே அங்கிருந்த ஒரு பழைய குழி அகப்பட்டது, அதற்குள் இருந்த பானைகளும் வாசற்படிக் கணக்கோடு ஒத்துப்போயின. மூன்றாவது பைலோஸ். தென்மேற்குக் கிரேக்கத்தில் ஒரு மேட்டில் ஏப்ரல் தொடக்கத்தில் பிளேகன் முதல் குழியைப் போட்டார். முதல் நாளே ஒரு ஆவணக்காப்பகத்துக்கு மேல் இறங்கிவிட்டார். அந்தப் பருவத்தில் 600க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள். அவற்றில் இருந்தது நோசோஸில் எவன்ஸ் கண்ட அதே எழுத்து, லீனியர் பி.

இதைப் பார்த்தும் மனம் மாறாதவர்கள் இருந்தார்கள். கிரீட்டிலிருந்து கொள்ளையடித்து வந்தவையாக இருக்கலாம் என்றுகூடச் சொல்லிப்பார்த்தார்கள். கணக்கேட்டைக் கொள்ளையடிக்கிற கொள்ளைக்காரனை எங்கே பார்த்தார்களோ! எப்படியும் பேச நேரமில்லை, சில மாதங்களில் உலகப் போர். பலகைகள் பத்திரமாகப் பூட்டப்பட்டன. எவன்ஸ் 1941 ஜூலையில் தொண்ணூறாம் பிறந்தநாளுக்குப் பிறகு காலமானார். தன் எழுத்து யாருடையது என்று தெரியாமலே போனார். நோசோஸ் பலகைகளில் பெரும்பகுதியை அவர் உயிரோடு இருந்தவரை வெளியிடவும் இல்லை. இது அவர்மேல் இருக்கும் நியாயமான பெரிய குறை. நாற்பது ஆண்டுகள் ஆயிரக்கணக்கான பலகைகள் ஒருவர் கைப்பிடியில் இருந்தன. மற்றவர்கள் படித்துப் பார்க்கவே வழியில்லை.

போரின்போது வேஸ் ஏதென்ஸில் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு வேலை செய்தார். ஜெர்மானியர் வந்தபோது எகிப்துக்குப் போனார். கேம்பிரிட்ஜிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. அலெக்சாந்திரியாவின் ஃபாரூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1952 புரட்சியில் ஃபாரூக் அரசர் போனார், வேஸின் பதவியும் போனது. இந்தத் தடவை பானையோட்டின் மேல் பழி போட முடியாது.

அதே 1952 ஜூலை 1ஆம் தேதி பிபிசி வானொலியில் மைக்கேல் வென்ட்ரிஸ் பேசினார். தொழிலால் கட்டடக் கலைஞர், எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி இல்லாதவர். லீனியர் பி எழுத்தில் இருப்பது கிரேக்க மொழி என்றார். அவரே ஆண்டுக்கணக்கில் அது பழைய இத்தாலியின் எட்ருஸ்கனுக்கு உறவான மொழி என்று நம்பியிருந்தவர். பிளேகனின் மாணவர் எம்மெட் பென்னட் பைலோஸ் பலகைகளை 1951இல் ஒழுங்காக வெளியிட்டது அவருக்குக் கைகொடுத்தது.

நம்பாதவர்களை வாயடைத்த பலகை 1953இல் வந்தது. பிளேகன் பைலோஸில் புதிதாகக் கண்ட ஒன்றில் வென்ட்ரிஸின் ஒலிகளைப் போட்டுப் படித்துப் பார்த்தார். ‘தி-ரி-போ-தே’ என்று எழுதி, பக்கத்தில் மூன்று கால் பாத்திரம் வரைந்து, எண் 2. நாம் முக்காலி என்று சொல்லுவதைப் போலவே கிரேக்கனும் மூன்றையும் காலையும் சேர்த்து ஒரு சொல் செய்திருக்கிறான், அதுவும் இரண்டு என்பதற்கான விகுதியோடு. கீழே ஜாடிகள். நாலு காது உள்ள ஜாடிக்கு நேரே நாலு காது என்று சொல், மூன்று காதுக்கு மூன்று காது, காதே இல்லாததற்குக் காதில்லாதது. படமும் சொல்லும் எண்ணும் பொருந்தி நின்றன.

இதன் பொருள் வேஸுக்கு என்ன? பைலோஸில் கிரேக்கர்கள் இருந்தார்கள் என்பது ஒருபக்கம். அதே எழுத்து, அதே மொழி நோசோஸிலும் இருந்திருக்கிறது. எவன்ஸின் சொந்த அரண்மனையில், அதன் கடைசிக் காலத்தில், கணக்கு எழுதியவன் கிரேக்கம் எழுதினான். கிரீட் மைசீனியை ஆண்டது என்று ஆரம்பித்த கதை, மைசீனியர்கள் கிரீட்டில் போய் உட்கார்ந்தார்கள் என்று முடிந்தது. பானையை வைத்து 1918இல் சொன்னதற்குக் களிமண் பலகை கையெழுத்துப் போட்டது.

எழுபதைத் தாண்டிய வேஸ் 1950 முதல் மைசீனியில் மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார். கோட்டைச் சுவருக்கு வெளியே எண்ணெய் வணிகரின் வீடு என்று அவர் பெயரிட்ட கட்டடத்தில் அவருக்கும் லீனியர் பி பலகைகள் கிடைத்தன. வென்ட்ரிஸும் ஜான் சாட்விக்கும் 1956இல் பலகைகளைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டபோது முன்னுரை வேஸ் எழுதியது. அதில் அவர் பழைய பகையைத் தீர்க்க உட்காரவில்லை. கிரேக்க வரலாற்றை இனி வெண்கலக் காலத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம்.

எல்லாவற்றிலும் வேஸ் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடர்ச்சி என்பதில் அவருக்குப் பிடிப்பு அதிகம். அரண்மனைகள் எரிந்த பிறகு வந்த இருண்ட காலத்தைக்கூட அவர் பெரிய முறிவாகப் பார்க்க விரும்பவில்லை, இன்று அந்த முறிவை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மினியன் பானை புதிய மக்களோடு திடீரென்று வந்தது என்ற கணக்கையும் பிற்பாடு கிரேக்கப் பெருநிலத்தில் லெர்னா என்ற இடத்தில் நடந்த அகழாய்வு கலைத்துப்போட்டது. மைசீனியின் தொடக்கத்தில் கிரீட்டின் செல்வாக்கு எவ்வளவு ஆழம் என்பதில் எவன்ஸின் கண் முழுக்கப் பொய் சொல்லவும் இல்லை. ஆழ்குழிகளில் கிடைத்த பொருட்களில் கிரீட்டின் கைவண்ணம் நிறையவே இருக்கிறது. ஆனால் வாசற்படி அடியிலிருந்து வந்த காலக்கணக்கு நின்றுவிட்டது. அத்ரியஸின் கருவூலத்தை இன்று யாரும் எவன்ஸ் சொன்ன காலத்தில் வைப்பதில்லை.

வேஸ் 1957 நவம்பரில் ஏதென்ஸில் இறந்தார். மகள் எலிசபெத் ஃபிரெஞ்சும் மைசீனிக்கே வந்தார், மைசீனியப் பானைகளிலும் சிறு மண் உருவங்களிலும் அவர் சொல்வதே பல காலம் அளவுகோலாக இருந்தது. 1989இல் ஏதென்ஸ் பிரிட்டிஷ் பள்ளி அவரை இயக்குநராக்கியது, அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1923இல் அப்பா எழுந்துபோன அதே நாற்காலி.